பார்க்காமல் இருக்கும் வரை

எழுவைதீவு
22.01.2024

அன்புள்ள தம்பி ஜோர்ஜ்,

ஆண்டவர் உங்கள் வீட்டுக்குச் சுகம் தரட்டும். போனில் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். உம்முடைய அண்ணை எமிலியானுஸ் வள்ளத்தோடு காணாமல் போய் இன்று பதினொரு நாள். மண்கும்பானில் கரையொதுங்கிய ஓர் உடம்பு ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருக்கிறதாம், வந்து அடையாளம் காட்டட்டாம் என்று பொலிஸ் சொல்லிவிட்டுப் போகிறது. எனக்குக் கால் எழும்பவில்லை. நீர் பௌதிகம் படிப்பிக்கிறவர். நான் போகவோ, விடவோ?

உம்முடைய அண்ணி,
மேர்சி

ஊர்காவற்றுறை
24.01.2024

அன்புள்ள அண்ணி,

போகாதீர்கள். இது ஆறுதல் வார்த்தை இல்லை, விஞ்ஞானம். குவாண்டம் பௌதிகத்தின்படி ஒருவர் பார்க்கும் வரை எதுவும் முடிவாவதில்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் பூனை, திறந்து பார்க்கும் வரை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது. நீங்கள் அந்தத் துணியை விலக்கினால் அண்ணையை நீங்களே சாகடித்த மாதிரி. பொலிஸோடு நான் கதைக்கிறேன். அடுத்த மாதம் பத்தாம் திகதி மகள் ஜெனீற்றாவின் கல்யாணத்துக்குக் கட்டாயம் வாருங்கள். வெள்ளைச் சீலை வேண்டாம்.

அன்புடன்,
ஜோர்ஜ்

எழுவைதீவு
26.02.2024

தம்பி ஜோர்ஜ்,

பச்சைச் சீலை உடுத்து உம்முடைய மகளின் கல்யாணத்தில் நின்றேன். படத்துக்குச் சிரித்தேன்.

போன கிழமை, இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிற சசிகரன் வாத்தியாரிடம் பூனைக் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது.

"அக்கா, அது அணுவிலும் சின்னத் துணிக்கையளின்ர கதை. அங்க பாக்கிறது எண்டா மனுசக் கண் இல்லை. கருவியோ வெளிச்சமோ அதில படுறதுதான். ஆளை வெயிலும் கடலும் எப்பவோ தொட்டிட்டுது. நீங்கள் பாத்தாலும் பாக்காட்டியும் அவர் அவர்தான்."

மறுநாள் முதல் வள்ளத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளாக்கர் புத்தகத்தைத் திறந்தார்.

"உங்கட மனுசன்ர தம்பி போன மாசம் இருபத்திமூண்டாந் திகதியே வந்து பாத்தவர். எங்கட ஆள் இல்லையெண்டு கையெழுத்து வைச்சவர். கேட்டு ஆள் வராததால இந்த மாசம் ஒன்பதாம் திகதி குழி வெட்டித் தாட்டாச்சு."

புத்தகத்தில் ஒட்டியிருந்த உடம்பின் படத்தில் இடது கையில் சின்னவிரல் இல்லை. அதைக் கயிறு அறுத்த அன்று வள்ளத்தில் கூட இருந்தவர் நீர்.

ஏன் தம்பி?

மேர்சி

ஊர்காவற்றுறை
28.02.2024

அண்ணி,

ஓம், பார்த்தேன். அண்ணைதான். மாப்பிள்ளைக்குப் பதினைந்தாம் திகதியோடு லீவு முடிந்தது. சாவீட்டில் கல்யாணம் வைக்க ஏலாது. தவக்காலம் தொடங்கினால் உயிர்ப்பு ஞாயிறு வரை தள்ளிப்போகும், அதற்குள் அவர்கள் வேறு இடம் பார்த்திருப்பார்கள். செத்தவர் செத்துவிட்டார். நீங்களும் நம்ப விரும்பித்தானே நம்பினீர்கள்? பிள்ளை பெறாத உங்களுக்கு இது விளங்காது.

ஜெனீற்றாவுக்குச் சொல்ல வேண்டாம்.

ஜோர்ஜ்

எழுவைதீவு
06.03.2024

ஜோர்ஜ்,

ஜெனீற்றா ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தாள். உம்முடைய இரண்டு கடிதங்களையும் அவள் கையில் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். பிறகு, "பெரியம்மா, பெரியப்பாவ எங்க தாட்டவை? வாங்கோ, போவம்" என்றாள்.

சவக்காலைக்குப் போனோம். அந்த ஒன்பதாம் திகதி மூன்று பேரைத் தாட்டிருக்கிறார்கள். எந்தக் குழி அவருடையது என்று காவல்காரருக்குத் தெரியவில்லை. மூன்றிலும் மெழுகுதிரி கொளுத்தினோம்.

அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். நீர் கூட்டிப்போக வராதேயும். வள்ளக்காரர்களும் அந்தக் கடிதங்களை வாசித்துவிட்டார்கள். உம்மை ஏற்ற மாட்டார்கள்.

எமிலியானுஸின் மனைவி