இழுக்காத கை

கட்டபெட்டு,
பிப்ரவரி 10

அன்பு மகள் வர்ஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீதான். அந்தப் பஞ்சாப் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே இந்த வருஷம் உறைபனி கொட்டித் தீர்த்துவிட்டது, பள்ளத்துத் தேயிலைச் செடியெல்லாம் கருகி ஃபேக்டரிக்கு இலை வரத்து பாதியாகிவிட்டது, அப்பாவின் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடுகிறது. அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பாப்பா ஆடுவதை டிவியில் எப்போது காட்டுவார்கள் என்று கேட்டபடி இருக்கிறார். நீ சொன்னதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வாலிபால் கேம்பில் ஐந்து நிமிஷம் போன் கொடுத்தபோது நீ குசுகுசுவென்று சொன்னதற்கு நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது, அதனால்தான் இந்தக் கடிதம். டீமுக்குள் ஒற்றுமை எப்படி இருக்கிறது என்று பேர் போடாமல் எழுதித் தரச் சொன்னாராம் கோச், மற்றவர்கள் இங்கிலீஷிலும் இந்தியிலும் ஆகா ஓகோ என்று எழுதினார்களாம், நீ மட்டும் யாருக்குப் புரியப்போகிறது என்று தமிழில், இங்கே ஒருத்தருக்காக ஒருத்தர் நிற்பதில்லை, கேப்டன் தன் ஆட்களுக்குத்தான் பந்து தூக்கிக் கொடுக்கிறாள் என்று எழுதிவைத்தாயாம். அடி பைத்தியக்காரி, இருபது பேரில் தமிழ் தெரிந்தவர்கள் நீயும் உன் ரூமில் இருக்கிற ரேச்சலும்தானே! கோச் அதைப் போனில் காட்டி அர்த்தம் தெரிந்துகொண்டார். கேட்டபோது நீ முந்திக்கொண்டு நான் இல்லை என்று சொல்லிவிட்டாய், பழி ரேச்சல்மேல் விழுந்தது. இப்போது அவளுக்கு யாரும் பந்தே கொடுப்பதில்லை, பதினெட்டாம் தேதி படிக்கப்போகிற டீம் லிஸ்டில் அவள் பேர் இருக்காது என்கிறாய். நீ எழுதியது தப்பென்று சொல்ல மாட்டேன், மனசில் பட்டதை எழுதினாய். நான் இல்லை என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை உண்டா என்றும் யோசித்தேன். ஜனவரி இருபத்தாறாம் தேதி கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் ஃபேக்டரிப் பெண்கள் தோற்றது உனக்குத் தெரியும். ஏன் தோற்றோம் என்று தெரியாது. என்னோடு தூள் சலிக்கிற கோகிலவாணி, முதல்நாள் என்னைச் சூப்பர்வைசரிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்ற ஆத்திரத்தில் நான் கயிற்றைப் பிடித்தேனே தவிர இழுக்கவில்லை. பல்லைக் கடித்தேன், மூச்சு வாங்கினேன், கை மட்டும் சும்மா இருந்தது. கயிற்றை இடுப்பில் சுற்றிக் கடைசியில் நின்றவள் அவள்தான், இழுபட்டு விழுந்து மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறாள். எட்டுப் பேரும் ஒரே உசிராக இழுத்தோம், நேரம் சரியில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், வெட்கமில்லாமல் நானும் பேசினேன்.

உன் போன் வந்த மறுநாளே அவள் வீட்டுக்குப் போனேன். நான் கயிற்றை இழுக்காததை அவளிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் கத்தவில்லை. எனக்கு அப்பவே தெரியுமுங்க்கா, கடைசீல நிக்கறவளுக்குக் கயிறே சொல்லிப்போடும், யாரு கை இழுக்கலீன்னு, என்றாள். பின்னே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களே ஊட்டுக்கு வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க, பதினாலு நாளாச்சு, என்றாள். அழுதே விட்டேன் கண்ணு. அவள் வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன், நாளைக்கும் போவேன்.

ரேச்சல் பயத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று சொன்னாய். தான் எழுதவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? அப்படியென்றால் எழுதியது யார் என்றும் தெரியும்தானே. ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடலாம், சொல்லாமல் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்து எழுந்துகொண்டிருக்கிறாள். அது பயமில்லை வர்ஷா.

மாரியம்மன் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும், கை காலுக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும். தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு. லிஸ்டில் உன் பேர் போனால் போகட்டும், பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, சோறு போட நான் இருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, கோச்சிடம் அப்புறம் போகலாம், முதலில் ரேச்சலிடம் சொல். நீ வாயைத் திறப்பாய் என்றுதான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னைப் பெற்றவள்,
சாந்தாமணி