சொந்தக்காரங்க கிளாஸ்

ஜூன் 17, செவ்வாய்

ஏழாம் வகுப்புக்கு இன்று இங்கிலீஷ் இலக்கணத்தில் ரிலேட்டிவ் கிளாஸ் (relative clause) ஆரம்பித்தேன். தலைப்பைப் போர்டில் எழுதி முடிப்பதற்குள் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்துவிட்டது. எல்லோரும் ‘வக்கீல்’ என்று கூப்பிடும் பெண்.

“டீச்சர், ரிலேட்டிவ்னா சொந்தக்காரங்கதானே? அப்ப இது சொந்தக்காரங்க கிளாஸா?”

“இல்லடி. ஒரு ஆள் பக்கத்துல நின்னு, அவர் எந்த ஆளுன்னு சொல்ற குட்டி வாக்கியம்.”

“எங்க சித்தப்பாவும் அப்படித்தான் டீச்சர். கூடவே நின்னு எல்லாரைப் பத்தியும் சொல்லுவாரு.”

வகுப்பே சிரித்தது. சாயங்காலம் வீட்டில் இவரிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இல்லத்துக்குப் போக வேண்டும். இத்தனை வருஷம் கழித்து, தத்து எடுக்க எங்களுக்கென்று ஒரு பிள்ளையைச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயதுப் பெண்.

ஜூன் 22, ஞாயிறு

பார்த்துவிட்டோம்.

அங்கே அவளை மைனா என்று கூப்பிடுகிறார்கள். வாயே திறக்காத பிள்ளைக்கு யார் வைத்த பெயர்? “வந்த புதுசுல பேச்சு ஓயாதுங்க, அதான்,” என்றார் பொறுப்பாளர் அம்மா. “போகப் போகக் குறைஞ்சிடுச்சு.”

என்னை டீச்சர் என்று அறிமுகப்படுத்தினார்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு கேள்வி. “டீச்சர், தண்ணி குடிக்கலாமா?”

அவள் இருக்கிற இடம், அவளுடைய டம்ளர். என்னிடம் எதற்குக் கேட்கிறாள்?

ஜூன் 26, வியாழன்

தமிழில் நினைத்து அப்படியே இங்கிலீஷில் கொட்டுகிறார்கள். ‘நேத்து என்னைக் கடிச்ச நாய்’ என்பது வக்கீலின் நோட்டில் ‘எஸ்டர்டே மீ பிட் டாக்’ ஆகிவிட்டது. தமிழில் கடித்த கதையெல்லாம் சொன்ன பிறகுதான் நாய் வரும். இங்கிலீஷில் நாயை முதலில் நிறுத்து, பிறகு ‘விச்’ (which) போடு, அதற்கப்புறம் கதை — தொண்டை வற்றச் சொல்லியும் ஏறவில்லை.

கடைசியில் பிள்ளைகளையே முன்னால் கூப்பிட்டு நிற்கவைத்தேன். ஒருத்தி நாய். ஒருவன் ‘விச்’. இரண்டு பேர் கடித்த கதை. ‘விச்’ ஆனவன் நாயின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “விட்டா ஓடிடும் டீச்சர்!” மணி அடித்தும் யாரும் நகரவில்லை. நல்ல நாள்.

ஜூலை 6, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தாள். “கைக்குழந்தைன்னா பரவாயில்ல அண்ணி. இது விவரம் தெரிஞ்ச பிள்ள. என்னதான் பாத்துப் பாத்துச் செஞ்சாலும் மனசு அங்கதான் இருக்கும்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். இவர் போனை வாங்கி, “பிள்ளைய வந்து பாத்துட்டுப் பேசு,” என்று வைத்துவிட்டார்.

ஜூலை 9, புதன்

கடையில் மஞ்சள் நிறத்தில் சின்னச் செருப்பு ஒன்று. அளவு தெரியாது. வாங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பொறுப்பாளர் அம்மா அவளிடம் நேராகவே கேட்டார். “இவங்க வீட்டுக்குப் போறியா மைனா?”

“எங்க அம்மா வருவாங்க,” என்றாள். “இங்கயே இருன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.”

அழவில்லை. பஸ் வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

வெளியே வந்ததும் பொறுப்பாளர் அம்மா மெதுவாகச் சொன்னார். “அவங்க அம்மாவத் தேடாத இடமில்லைங்க. சட்டப்படி எல்லாம் முடிஞ்சுடுச்சு. பிள்ளைக்குத்தான் இன்னும் முடியல.”

பஸ்ஸில் இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு என்னதான் வேணும்? பெத்தவ ஒருத்தி திரும்பி வராமலே போகணும்கிறதா? ச்சீ, அப்படி இல்ல.

அப்படித்தானோ?

ஜூலை 24, வியாழன்

பெயர் சொல்லாமல் ஒரு ஆளைப் பற்றி எழுதச் சொன்னேன். ‘ஹூ’ (who) கட்டாயம் வர வேண்டும். வக்கீலின் அப்பா கப்பலில் வேலை செய்கிறவர். பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டாள், “ஊர்ல இல்லாதவங்களுக்கும் ஹூ போடலாமா டீச்சர்?”

“போடலாமே.”

“எப்ப வருவாங்கன்னு தெரியாட்டிக்கூட?”

“போடலாம்டி. ஆள் எங்க இருந்தாலும் நமக்கு என்ன உறவோ, அது மாறாதுல்ல?”

சொல்லிவிட்டு நானே நின்றுவிட்டேன். மைனாவிடம் என்ன பேச வேண்டும் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிகிறது.

ஜூலை 27, ஞாயிறு

இவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

“மைனா, உங்க அம்மா வந்தா முதல்ல இங்கதான் வந்து கேப்பாங்க. இங்க எங்க வீட்டு அட்ரஸ் இருக்கும். அவங்க அத வாங்கிட்டு நேரா நம்ம வீட்டுக்கு வந்துடலாம்.”

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “உள்ள விடுவீங்களா?”

“விடுவேன்.”

“சாப்பாடு போடுவீங்களா?”

“போடுவேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பொய் சொல்லவில்லை. மனசு எப்படிக் கிடந்து தவித்தது என்பது வேறு விஷயம்.

தலையாட்டினாள். “அப்ப வரேன், டீச்சர்.”

ஆகஸ்ட் 9, சனி

வந்துவிட்டாள்.

“டீச்சர், உக்காரலாமா?” “டீச்சர், ஃபேன் போடலாமா?” இவர் ‘சார்’. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். நாளைக்கே கிளம்பப் போகிறவள் போல, பையைப் பிரிக்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

இவ்வளவு நாள் தூரத்தில் இருந்ததால் ஏக்கம் என்று நினைத்தேன். அடுத்த அறையில் இருக்கும்போதும் ஏங்க முடிகிறதே.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலிங் பெல் அடித்தால் அவள்தான் முதலில் ஓடுகிறாள். கூரியர்காரரைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வருகிறாள். இன்று நானும் கூடப் போய் நின்றேன். கதவைச் சாத்திவிட்டு, “அவங்க இல்ல,” என்றாள். “ஆமா, இல்ல,” என்றேன். கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

டெஸ்ட். ‘ஹூஸ்’ கேள்வியில் பாதி வகுப்பு கோட்டை விட்டது. வீட்டில் திருத்தும்போது மைனா பக்கத்தில் உட்கார்ந்து, சரியானதற்கெல்லாம் டிக் அடித்துக் கொடுத்தாள். தப்பானதற்கும் இரண்டு அடித்துவிட்டாள். “பாவம்ல,” என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் தலை பின்னும்போது சண்டை. வகிடு கோணலாம். அவிழ்த்து மறுபடி பின்னினேன். இறுக்கிவிட்டேனாம். “அசையாம இருடி!” என்று சத்தம் போட்டுவிட்டேன்.

சீப்பைப் பிடுங்கினாள். “போம்மா! உனக்குப் பின்னவே தெரியல!” கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இவர் ஷேவிங் நுரையோடு எட்டிப் பார்த்தார். நான் ரப்பர் பேண்டும் கையுமாக நின்றேன்.

போம்மா. காய்காரரும்தான் என்னை வாம்மா, போம்மா என்கிறார். பேச்சுவாக்கில் வருகிற அம்மாதானா? இல்லை, என்னைத்தான் அம்மா என்றாளா? இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவள், பிரித்துப் பார்க்கலாம். வேண்டாம். ஆனால் ‘உனக்கு’ என்றாளே. நேற்று வரைக்கும் ‘உங்களுக்கு’.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரிந்த தலை. “நேரமாச்சு, வா,” என்று சீப்பை நீட்டினாள்.

நிதானமாகப் பின்னினேன். இரண்டு பேருமே இன்று ஸ்கூலுக்கு லேட்.