முசியே ஆரோக்கியம்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி,
1937 ஏப்ரல் 5

சைகோனில் சுங்க உத்தியோகம் பார்க்கும் அன்புத் தம்பி சூசைநாதனுக்கு, அக்கா லூர்தம்மாள் ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மகள் ஸ்டெல்லாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து வடிந்துவிட்டது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

இதே கப்பலில் ஜவுளிக்கடை கோவிந்தராசுவின் கடிதமும் உனக்கு வருகிறது. அதைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு. அவர் எழுதியதில் பொய் இருக்காது. ஆனால் பாதிதான் இருக்கும்.

ஆரம்பித்து வைத்தவள் நான்தான். தை மாதம் ஓட்டர் பட்டியல் எழுத ஒருவர் வந்தார். நான் வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். இந்த வீட்டை நடத்துவது யார் என்று கேட்டார். நீயோ சைகோனில். நானோ தாலியறுத்து உன் வீட்டில் சாப்பிடுகிறவள். நடத்துகிறவள் உன் பெண்டாட்டிதானே, உள்ளதைச் சொன்னேன்: ஆரோக்கியம், வயது முப்பத்திரண்டு, மில்லில் வேலை. எழுதிக்கொண்டு போய்விட்டார். நம் சனத்தில் ஆரோக்கியம் என்று ஆணுக்கும் பேர் வைக்கிறார்கள், பெண்ணுக்கும் வைக்கிறார்கள். அவர்மேல் என்ன குற்றம்?

பெண்ணுக்கு ஓட்டே இல்லாத ஊரில் மாசியில் அவளுக்கு ஓட்டர் அட்டை வந்தது, ஆம்பிளைக்குப் போடுகிற முசியே போட்டு, முசியே ஆரோக்கியம் என்று! நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். உன் பெண்டாட்டி சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். மறுநாள் மில் சங்கத்து இராமதாஸ் கையில் அதைக் கொடுத்தனுப்பி, நகரசபைத் தேர்தலுக்குப் பேர் கொடுத்துவிட்டாள். சபைக்குள் போவதோடு நிற்கப் போவதில்லையாம். மேர் நாற்காலியில்தான் உட்காருவாளாம். ஊருக்கே தலைமை! எனக்குத் தலை சுற்றியது. ஆனால் உன்னிடம் சொன்னால் என்ன, அவள் உட்கார்ந்தால் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது.

முதலியார்பேட்டையில் கூட்டம் போட்டார்கள். முசியேயைப் பார்க்க வந்தவர்கள் மேடையில் புடவையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். உலை கொதிக்குதா, போய்ப் பார் என்றான் ஒருவன். மேர் கட்டுகிற மூன்று வர்ணப் பட்டையை முந்தானைக்கு மேலே கட்டுவாயா, உள்ளே கட்டுவாயா என்றான் இன்னொருவன். புருஷன் கடல் தாண்டிப் போனால் பெண்டாட்டி மேடை ஏறத்தான் செய்வாள் என்றும் ஒரு வாய் சொன்னது. உன்னிடம் எதற்கு மறைக்க? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதிர்த்து நிற்கிற கோவிந்தராசு மட்டும், படித்தவரல்லவா, மரியாதையாகவே பேசினார். மேர் என்பது பிரெஞ்சில் ஆண்பால் சொல்லாம். பெண்ணுக்கு இருப்பது மேருடைய மனைவி என்கிற சொல் ஒன்றுதானாம்.

ஆரோக்கியம் நிதானமாகக் கேட்டாள்: "மடத்து அம்மாவ மா மேர்னுதான கூப்புடுறோம்? அவுங்க ஆம்பளையா?"

அது தாய் என்று அர்த்தம், எழுத்தே வேறு என்றார் அவர்.

"எழுத்து வேறயா இருக்கட்டும் ஐயா. கூப்புட்டா காதுல ஒண்ணாத்தான உழுவுது."

மில் பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் அடுத்து என்ன சொன்னார் என்றே கேட்கவில்லை. இப்போது தெருவில் அவளை மேரம்மா என்கிறார்கள். பாதிப் பேர் கேலியாகத்தான். மீதிப் பேர் எப்படிச் சொல்கிறார்கள் என்று நானும் காது கொடுத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மறுநாளே கோவிந்தராசு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். தேர்தல் அதிகாரி கையை விரித்துவிட்டாராம். பட்டியலில் முசியே என்று இருக்கிறது, பெண்தான் என்று வீட்டார் எழுதிக் கொடுத்தால்தான் பேரை அடிக்க முடியும் என்றாராம். காகிதம் ஒன்று சொன்னால் கண்ணையும் நம்பமாட்டார்கள், உனக்குத் தெரியாததா! கோயில் ஏட்டைக் காட்டலாமென்றால், அவள் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் ஏடு புயலோடு போய்விட்டது. அதனால் என்னைக் கையெழுத்துக் கேட்டார். உனக்கு இத்தனையும் எழுதுகிற இந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எனக்குக் கையெழுத்துப் போட வராதுங்க என்றேன். பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். அப்படியானால் புருஷனுக்கே எழுதுகிறேன், அவர் ஒரு வரி போட்டால் போதும் என்று எழுந்துவிட்டார். வாழைப்பழத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று மாவு ஆட்டும்போது ஆரோக்கியம் கேட்டாள், "அண்ணி, உங்க தம்பி என்னா எழுதுவாரு?" என்று. மேடையில் அத்தனை பேர் கத்தியபோது நடுங்காதவள், குழவியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேச்சை மாற்ற, மேர் ஆனால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். தண்ணீர்க் குழாய், சாக்கடை என்று அடுக்குவாள் என நினைத்தேன். அதெல்லாம் அப்புறம் அண்ணி, முதலில் பேர் பட்டியலில் நிற்க வேண்டும் என்றாள்.

உனக்குக் கோபம் வரும். ஆம்பிளைக்கு வரத்தான் செய்யும். அவள் ஜெயிப்பாளா, ஜெயித்தாலும் உட்கார விடுவார்களா, எனக்குத் தெரியாது. தோற்கிறதானாலும் ஓட்டிலே தோற்கட்டும், தம்பி. உன் கையெழுத்தில் தோற்க வேண்டாம்.

தேர்தலுக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது. இது கிடைத்த அன்றே நீ எழுதினால் அதற்குள் இங்கே வந்து சேர்ந்துவிடும். பதில் போடச் சோம்பல்படுகிறாய் என்று எட்டு வருஷமாக நான் உன்னைத் திட்டாத மாதமில்லை. இந்த ஒரு தடவை, என் ராசா, சோம்பலாகவே இரு. மாதா உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
லூர்தம்மாள்