பூஜையிலிருந்து உருவிய ப்ரூஃப்

சரஸ்வதி பூஜை, இரவு.

இன்றைக்கு எழுதக்கூடாதாம். எழுதுகிறேன்.

விஜயதசமி நல்ல நாள் என்று நாளைக் காலையிலேயே என் நாவலை அச்சுக்கு அனுப்பப்போகிறார்கள். கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் திருத்தவில்லை. என் கணவரோ பூஜைக்குப் புத்தகம் அடுக்கும்போது அதன் ப்ரூஃபுக்கும் சந்தனம் இட்டு அடியில் வைத்துவிட்டார். மேலே அவருடைய வருமான வரிப் புத்தகங்கள்.

கற்பூரம் காட்டியதும் எடுக்கப் போனேன். அடையாற்றிலிருந்து வந்திருந்த நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் புனர்பூஜை ஆகாம தொடப்படாது. ஒரு நாள் எழுதலேன்னா என்னடி?"

"இத்தனை வருஷத்துல நான் எழுதினதுல ஒரு பக்கமாவது படிச்சிருக்கேளா அக்கா?"

அவள் என் கையை விட்டுவிட்டுப் படத்தின் பூவைச் சரிசெய்தாள். இவர் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் யாருமே படிக்காத எழுத்துக்கு இன்றைக்கு மட்டும் சந்தனம், குங்குமம், பூ!

உருவினேன். வருமான வரி சரிந்து விழுந்தது.

"சரஸ்வதிக்குக் கோபம் வரும்டி" என்றாள்.

வரட்டும். முதல் பக்கத்தில் சந்தனக் கறையோடு அத்தியாயத்தைத் திருத்தி முடித்துவிட்டேன். இப்போதுதான் சரஸ்வதி படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையில் ஏடு இருக்கிறது. இன்றைக்கும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை.