ஷன்லாங்கைக் கூப்பிட்ட பாட்டு

ஊரிலிருந்து,
12 பிப்ரவரி 2016

அன்புள்ள டாஃபி,

உன் அம்மாவும் நானும் சுகம். சொல்வது நான், எழுதுவது பள்ளிக்கூட டீச்சர். துடைப்பப்புல் இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது.

ஷில்லாங்கில் நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்துவிட்டீர்களாமே. எனக்கு ஆச்சரியமில்லை. உன் அண்ணன் ஷன்லாங் தேனைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்த கிடாரில் ஒரு கம்பி கிடையாது. அதை வைத்துக்கொண்டு எங்கள் கோழியைத் திட்டிப் பாட்டுக் கட்டினாய். "கோழி பயந்துபோய் முட்டையே போடலை" என்று அவன் கேலி செய்தான். அப்புறம் சர்ச்சில் பாடினாய், டீக்கடைகளில் தனியாகப் பாடினாய்.

உங்கள் முதல் பாட்டை டீச்சர் போனில் போட்டாள். நடுவில் உன் கிடார் ஷன்லாங்கின் ராகத்தை வாசித்தது. நம்மூரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் கட்டுவதுபோல, அவன் பிறந்ததும் உன் அம்மா அவனுக்கென்றே கட்டிய ராகம். காட்டில் அவனை அதைப் பாடித்தான் கூப்பிடுவாள். தேன் எடுக்க ஏறிய மரத்திலிருந்து அவன் விழுந்தானே, அதுவும் அவனோடு போயிற்று. செத்தவன் ராகத்தை நம்மில் யாரும் எடுப்பதில்லை. உனக்குத் தெரியாதா?

உன் அம்மா கையிலிருந்த புல்லைப் போட்டுவிட்டு, "வந்துட்டியாடா?" என்று காட்டுப்பக்கம் நடந்துவிட்டாள். திருப்பிக் கூட்டிவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அந்தப் பாட்டை நிறுத்து.

உன் அம்மாவின் அண்ணன்,
ரிஷோட் மாமா

ஷில்லாங்,
20 பிப்ரவரி 2016

அன்புள்ள மாமா,

தெரியும். தொண்டையால் பாடினால்தான் கூப்பிட்டதாகும், கிடாரில் வாசித்தால் ஆகாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அண்ணன் கொடுத்த கிடாரை எடுத்தாலே விரல் அங்கேதான் போகிறது.

டீக்கடையில் அதைக் கேட்டுத்தான் டிரம்ஸ் வாசிக்கும் கிர்ஷன் என்னோடு சேர்ந்தான். மற்ற இருவரையும் அவன்தான் கூட்டி வந்தான். "அதை எடுத்துட்டா நாம எதுக்கு ஒண்ணா இருக்கோம்?" என்கிறான். அடுத்த மாதம் குவஹாத்தியில் பெரிய மேடை. அந்தப் பாட்டுக்காகத்தான் அழைத்திருக்கிறார்கள்.

அம்மா வேண்டாமென்றால் போகமாட்டேன்.

டாஃபி

ஊரிலிருந்து,
1 மார்ச் 2016

அன்புள்ள டாஃபி,

டீச்சர் படித்ததும் உன் அம்மா பாக்கை மென்றுகொண்டே இருந்தாள். கடைசியில், "ராகம் நல்லாத்தான் இருக்கு, நான் கட்டுனதாச்சே. ஆனா கூப்பிட்டா எங்கேர்ந்து வருவான்? வழி தெரியாம அலைவான் பிள்ளை" என்றாள்.

"அப்போ என்னோடதைப் போடச் சொல்லட்டுமா?" என்றேன்.

"உன்னோடதா? கிழட்டு ஆடு இருமுற மாதிரி இருக்குமே!" என்று சிரித்தாள். அவன் போனபிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகவே என்னுடையதை வாசி. கூப்பிட்டால் "ஹோய்" என்று குரல் கொடுக்க நான் இருக்கிறேன். நான் போய்விட்டேன் என்று தெரிந்த அன்றே நிறுத்திவிடு, எத்தனை பேர் கேட்டாலும்.

குவஹாத்திக்குப் போய் வா.

ரிஷோட் மாமா

ஷில்லாங்,
9 நவம்பர் 2023

அன்புள்ள அம்மா,

மாமாவுக்கே எழுதிப் பழகிய கை. இதை டீச்சர் உனக்குப் படிப்பாள்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தபிறகு நேற்றுதான் முதல் மேடை. மாமாவின் ராகத்தோடு எங்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த பாட்டாயிற்றே, கூட்டம் அதையே கேட்டுக் கத்தியது. கிர்ஷன் என்னைப் பார்த்தான். வேண்டாமென்று தலையசைத்தேன். அவன் குச்சிகளைக் கீழே வைத்தான். சத்தம் அடங்கும்வரை நாலு பேரும் சும்மா நின்றோம். பிறகு வேறு பாட்டுக்குப் போனோம்.

விரல் இன்னும் அங்கே போகிறது, அம்மா. உடனே விரலை எடுத்துவிடுகிறேன்.

புல் அறுக்கும் நேரத்துக்கு ஊருக்கு வருகிறேன். ஊர்ப் பாலத்துக்கு அந்தப்புறமே நிற்பேன். என் ராகத்தைப் பாடி என்னைக் கூப்பிடு.

டாஃபி