மாப்பிள்ளை ஓட்டுகிற கார்

மார்ச் 4, செவ்வாய்

டிரைவிங் ஸ்கூலில் காலை முதல் வகுப்பு பேங்க் அம்மாவுக்கு, பேங்க்கில் வேலை பார்க்கிறவர். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார். "முகமெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, பின்னாடி லாரி வருதான்னு பாருங்க" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்தார். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் முன்னால் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் இன்று வீடு போய்ச் சேர்ந்தார். அவருக்கு அது தெரியவே தெரியாது.

பேங்க் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம் இருக்கிறவர்களால் ஊருக்கு ஆபத்து குறைவு. லைசென்ஸ் வாங்கும்வரை இரண்டு கையால் ஓட்டுவார்கள். வாங்கியதும் ஒரு கை. சொந்தக் கார் வந்ததும் ஒரு விரல். அந்த ஒற்றை விரல்காரர்களைத்தான் ஊர் "நல்லா ஓட்டுறார்" என்று சொல்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் புது கார். மாப்பிள்ளை எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார். முன் சீட்டில் என் கணவர், ராஜா மாதிரி. பின்னால் நானும் மகளும்.

மாப்பிள்ளை ஒற்றை விரல் ஜாதி. இன்னொரு கையில் போன். முன்னால் போகிற வண்டியை முகர்ந்து பார்ப்பதுபோல் ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறார். மஞ்சள் விளக்கைக் கண்டால் மற்றவர்களுக்கு வேகம் குறையும், இவருக்குக் கூடுகிறது. பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார், கார் கத்தக்கூடாதாம். போக வர என் வலது கால் தரையை மிதித்து மிதித்து இப்போது கெண்டைக்கால் வலிக்கிறது. பிரேக் இல்லாத தரை.

"மாப்பிள்ளை கையில ஸ்டீயரிங் எப்படி சொன்ன பேச்சு கேக்குது பாரு" என்று கணவருக்குப் பூரிப்பு.

"ஏங்க, நமக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே, மெதுவாவே போகலாம்னு சொல்லுங்க" என்றேன் கணவரிடம். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. சாப்பிட வரச் சொல்வதென்றால்கூட "அவரை வரச் சொல்லும்மா" என்று மகள் மூலமாகத்தான். அவரும் அப்படியே: "அத்தைக்கு ஏசி போதுமான்னு கேளு." நடுவில் ஒரு தபால்காரர் இல்லாமல் எங்கள் மரியாதை போய்ச் சேராது.

நான் சொன்னதைக் கணவர் மாப்பிள்ளையிடம் சேர்ப்பிக்கவில்லை. சிரித்து மழுப்பிவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

கணவரோடு சண்டை. "பொண்ணைக் கொடுத்த இடம். வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு." பெண்ணைக் கொடுத்ததால்தானே பயம்?

மார்ச் 23, ஞாயிறு

மகளைச் சமையலறையில் தனியாகப் பிடித்தேன். "அவர்கிட்ட நீயாவது சொல்லுடி. ஓட்டும்போது போனைப் பார்க்காதீங்கன்னு."

"அவர் உன் ஸ்டூடண்ட் இல்லம்மா."

"ஸ்டூடண்டா இருந்தா இந்நேரம் திட்டியே இறக்கி விட்டிருப்பேன்."

பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவ சொன்னேன். ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டார். ஓட்டத் தெரியாதவ எல்லாம் பேசக்கூடாதாம்" என்றாள்.

ஓட்டத் தெரியாதவள். நானே சொல்லித் தருகிறேன் என்று காலேஜ் காலத்திலிருந்து கெஞ்சினேன். உன்கிட்ட திட்டு வாங்க முடியாது என்று ஓடிவிட்டாள். தப்பு என் வாயில்தான். ஊருக்கெல்லாம் நீளுகிற இந்த வாய் மாப்பிள்ளை முன்னால் மட்டும் பூட்டிக்கொள்கிறது.

சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார், மகளைப் பார்த்து: "உங்கம்மாவுக்கு ஊர்ல எல்லாருமே எல் போர்டாத்தான் தெரிவாங்க." கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒருவர் இறந்துவிட்டார். நாங்கள் நாலு பேரும் நன்றாக இருக்கிறோம். நன்றாக!

ஏப்ரல் 7, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும். வீட்டில் இப்போதே எல்லோரும் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயங்காலம், நல்ல வெளிச்சம். வழக்கம்போல முன்னால் அவர்கள் இருவர், பின்னால் நாங்கள் இருவர். மாப்பிள்ளை வீட்டுக்கு சோபா வாங்கப் போகிறார்கள் என்று பேச்சு. "அந்தப் படத்தைக் காட்டுங்க மாப்பிள்ளை, எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார் கணவர். மாப்பிள்ளை போனை எடுத்தார். தேடினார். இது இல்லை, இது இல்லை, இன்னும் கீழே. கார் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வேகமாக.

எதிரே சாலையில் வெள்ளைக் கோடுகள். கோட்டின் மேல் ஒரு பெண். தோளில் பை, கையில் ஒரு டிபன் பாக்ஸ். கார் நிற்கும் என்று நம்பித்தான் வந்தார். கோட்டில் நடப்பவர்கள் வேறெதை நம்புவார்கள்?

நான் பார்த்துவிட்டேன். என் கால் தரையை மிதித்துவிட்டது. வாயும் திறந்தது.

பயிற்சிக் காராக இருந்தால் ஒரே வார்த்தை: "பிரேக்!" ஓட்டுவது வக்கீலாக இருந்தாலும் டாக்டராக இருந்தாலும் அதுதான். மரியாதை எல்லாம் வண்டி நின்ற பிறகு.

நான் சொன்னது இது: "ஏங்க, மாப்பிள்ளையைக் கொஞ்சம் முன்னாடி பார்த்து…"

சத்தியமா இதைத்தான் சொன்னேன். கணவரைக் கூப்பிட்டேன்! அந்த நேரத்துலகூட என் நாக்கு தபால்காரரைத் தேடிக்கிட்டுப் போச்சு. 'ஓட்டச் சொல்லுங்க'ன்னு முடிக்கிறதுக்குள்ள அந்தச் சத்தம். நான் என்ன பண்ணிட்டேன், கடவுளே.

டிபன் பாக்ஸ் மட்டும் உருண்டு ரொம்ப தூரம் போனது.

ஏப்ரல் 9, புதன்

மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த வக்கீல் வந்தார். காபி குடித்தார். இறந்தவர் தையல் கம்பெனியில் வேலை செய்தவர், ஷிப்ட் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரியில் சொன்னார். மீதி நேரமெல்லாம் எங்களைப் பற்றியே பேசினார். "திடீர்னு குறுக்கே ஓடி வந்துட்டாங்க. இதைப் பார்த்தவங்க ஒரே மாதிரி சொன்னா போதும். அதிலயும் அம்மா டிரைவிங் சொல்லிக் குடுக்கிறவங்க. அவங்க சொன்னா மறுபேச்சு கிடையாது."

கணவர் ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டாராம், கண் அசந்துவிட்டதாக. சோபாப் படத்தைக் கேட்ட மனுஷனுக்குக் கண் அசந்துவிட்டது!

மாப்பிள்ளை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணவில்லை. சாப்பிடுவதில்லை என்று மகள் சொன்னாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "அத்தையைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. எல்லாம் கெட்ட நேரம்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். வந்த பாவமும் போய்விட்டது. நேரமா போனைப் பார்த்துக்கொண்டிருந்தது?

ஏப்ரல் 12, சனி

வேலைக்குப் போனேன். பேங்க் அம்மா நன்றாகத்தான் ஓட்டினார். தெருமுனையில் யாரோ ஒரு பெண் பையோடு நின்றதற்கு நான் பிரேக்கை அழுத்தி வண்டியை நடுத்தெருவில் அணைத்துவிட்டேன். பின்னால் ஹார்ன் அடித்துப் பிய்த்து எடுத்தார்கள். "நான் தப்பா எதுவும் பண்ணலையே மேடம்?" என்று பயந்து கேட்டார் பேங்க் அம்மா. இல்லைம்மா, நீங்க எதுவும் பண்ணலை.

முதலாளி கூப்பிட்டு ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மகள் வந்தாள். தனியாக, ஆட்டோவில். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அப்படிப் படுத்து எத்தனை வருஷம் ஆயிற்று. தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன். அந்த நிலையில்தான் கேட்டாள்.

"ஓடி வந்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. போனவங்க திரும்பி வரப்போறாங்களா? இருக்கிறவங்களைப் பாரு. அவர் உள்ளே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"நீ பார்த்தியாடி? ஓடியா வந்தாங்க?"

"நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தேன்." பிறகு, "நீ உண்மைய சொன்னா அதோட நமக்குள்ள ஒண்ணும் இல்ல. பாத்துக்க" என்றாள். மடியிலிருந்து எழாமலே சொன்னாள்.

பெற்ற வயிறு எரிகிறது. எரியட்டும். யோசிக்கவே முடியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வாக்குமூலம் கொடுக்க போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி இல்லை, நாளை மறுநாள் வா என்றார்கள். வெளி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இறந்த பெண்ணின் அண்ணன். நான் யார் என்று கான்ஸ்டபிள் சொல்லியிருக்க வேண்டும். அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து நின்று கும்பிட்டார்.

"நீங்க அந்தக் கார்ல இருந்தீங்களாம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க தங்கச்சி ஓடி வந்தாளா, நடந்து வந்தாளா?"

ஆட்டோ வருகிறதா என்று தெருப் பக்கம் பார்த்தேன்.

"ஓடி வந்தான்னு சொல்றாங்க. அவ ஓட மாட்டாம்மா. சின்ன வயசுல அப்பா பைக்ல அடிபட்டுப் போனதுலேர்ந்து ரோடுன்னா அவளுக்கு அவ்வளவு பயம். ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நின்னுதான் வருவா. நாங்க கேலி பண்ணுவோம். தப்பு அவ மேலன்னு எழுதிட்டா எங்கம்மாவால தாங்க முடியாது."

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்டனையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். பேசாமல் வந்ததற்கு வீட்டில் கணவர் என்னைத் தட்டிக் கொடுத்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நடந்துதான் வந்தார். கோட்டின் மேல்தான் வந்தார். ஓட்டியவர் போனில் சோபாப் படம் தேடிக்கொண்டிருந்தார், கேட்டது என் கணவர், வேகம் அதிகம், பிரேக் மிதித்தது இடித்த பிறகுதான்.

எழுதிக்கொண்டே வந்த அதிகாரி, "டிரைவிங் சொல்லிக் குடுக்கிறீங்க. பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்தீங்க? ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

"சொன்னேன் சார். என் கணவர்கிட்ட சொன்னேன்."

"ஓட்டினது உங்க மாப்பிள்ளைதானே?"

"ஆமா சார்."

பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் அண்ணன் இருந்தார். இன்றைக்கு நானே போய்ச் சொன்னேன்: "நடந்துதாங்க வந்தாங்க." அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுத ஆசை. ஆறுதல் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

கணவர் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்பதால் டிவியைப் பார்த்துச் சொல்கிறார்: "யாராவது மோட்டாரைப் போட்டா தேவலை." போட்டேன். டிவியா போடும்?

மே 2, வெள்ளி

மகளுக்குப் பத்தாவது தடவையோ என்னவோ போன் செய்தேன். எடுத்தாள். "இனிமே கூப்பிடாதீங்க" என்றாள். கூப்பிடாதே என்று சொல்லியிருந்தாலாவது கோபம் என்று விட்டிருப்பேன்.

ஜூன் 11, புதன்

வழக்கு முடியும்வரை மாப்பிள்ளையின் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஜாமீனில் வெளியே இருக்கிறார். மாமியாரே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஆபீசில் சொல்லித் திரிகிறாராம். கேட்பவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டுகிறார்களாம். யாருக்காக? அந்த ஆபீசில் எத்தனை பேர் இன்று காலை ஒரு கையில் போனோடு ஓட்டி வந்தார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜூலை 9, புதன்

முதலாளி, "புது அட்மிஷன், லேடீஸ் பேட்ச், உங்களுக்குத்தான்" என்றார். ஷெட்டுக்குப் போனால் என் காருக்குப் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

கார் சும்மா நிற்கிறது, மாப்பிள்ளை ஓட்ட முடியாது, அதனால் இவளைக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். லேடீஸ் பேட்சுக்கு நான் ஒருத்திதான் என்பது அவளுக்குத் தெரியும். தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஸ்கூலும் இருக்கிறது. ஏன் இங்கே வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இளைத்திருக்கிறாள்.

"குட் மார்னிங் மேடம்."

மேடம்! சரி.

"சீட்டை முன்னாடி இழுத்துக்க. பெல்ட்டை மார்பு மேல போடு, முதுகுக்குப் பின்னாடி இல்ல." போட்டாள். மைதானத்தில் நாலு சுற்று, பிறகு தெரு. பேங்க் அம்மாவைவிட மோசம். கிளட்சை விட்டு விட்டு என் கழுத்தை ஒடித்தாள். ஒருமுறைகூடத் திட்டவில்லை. நான்!

சந்திப்புக்குச் சற்று முன்னால் அவள் மடியில் இருந்த போன் அடித்தது. திரையில் அவர் பெயர். அவர் கூப்பிட்டு எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கை ஸ்டீயரிங்கை விட்டுக் கீழே இறங்கியது.

"எடுக்காதே. ரோட்டைப் பாரு."

கை மேலே வந்தது. போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அதுவும் ஓய்ந்தது. கண்ணீர் அவள் தாடை வரை வந்துவிட்டது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. கண் ரோட்டில்தான் இருந்தது.

சிக்னலில் நிறுத்தினாள். தானாகவே நிறுத்தினாள், என் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. எதிரே ஆட்கள் கோட்டின் மேல் கடந்து போனார்கள். பச்சை விழுந்தது.

"எந்தப் பக்கம்மா?" என்றாள்.

"நேரா" என்றேன்.