லோட், பிறகு ஸ்டார்ட்

7 அக். 1985, திங்கள்
காலையிலிருந்து மழை. குடை பஸ்ஸில் போயிற்று.

தீவுக்குப் பாலம் திறந்த பிறகும் எங்கள் தொழிற்சாலை பஸ்களுக்கு ஃபெரியில் கடல் தாண்டிய காலத்து நேரப் பட்டியல்தான். அக்கரையில் தாசேக் கெலுகோர் பெண்கள் விடியற்காலை 4.10-க்கு ஏற வேண்டும். பாலம் வழியாகப் புதுப் பாதையும் நேரமும் போட என் கம்ப்யூட்டர் புரோகிராம் தயார். வெள்ளியன்று பட்டியல் அச்சுக்குப் போகும். அதற்குள் ஓடாவிட்டால் பழையதே, அடுத்த வருடம் வரை.

கேன்டீனில் லெச்சுமி. தாசேக் கெலுகோரிலிருந்து வருபவள். "இப்ப தூங்குற பிள்ளைக்குச் சடை பின்னிட்டு வரேன்க்கா. பள்ளிக்கூடம் போறதுக்குள்ள அவுந்துருது."

சிரித்தேன். பிறகு சாப்பிட முடியவில்லை.

9 அக்., புதன்
வெயில். அவமானம்.

பட்டியலைக் கையால் போடும் போக்குவரத்து முத்து அண்ணன் பார்க்க வந்தார். லோட் என்று அடித்தேன்: புரோகிராம் மெஷினுக்குள் ஏறும், ஆனால் ஓடாது. ஸ்டார்ட் அடித்தால்தான் ஓடும்.

"ஆளுங்க ஏறியாச்சு, டிரைவர் இன்னும் வரல. அப்படித்தானே டீச்சர்?"

அப்படித்தான். (பள்ளி வேலையை விட்டு ஆறு வருடம். இன்னும் டீச்சர்.)

ஸ்டார்ட் அடிக்குமுன் மனம் கேட்கவில்லை. நிறுத்தங்களைச் சரிபார்க்கும் சின்னப் புரோகிராமை ஏற்றி ஓட்டினேன். 63 நிறுத்தம், சரி. பிறகு ஸ்டார்ட். மறுபடியும்: 63, சரி. இன்னொரு ஸ்டார்ட். 63, சரி.

"நல்லா எண்ணுதுலா!" என்று போய்விட்டார்.

மதியம்தான் உறைத்தது. மெஷினில் ஒன்றுக்குத்தான் இடம்; சரிபார்ப்பதை ஏற்றியதும் பாதை போடுவது அழிந்துவிட்டது. புரோகிராமில் பிழையில்லை. பிழை என் கையில்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "கதவப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்கறவதானே நீ."

கோபம் வந்தது. உண்மை என்பதால்.

10 அக்., வியாழன்
முத்து அண்ணனிடம் இன்னொரு பத்து நிமிடம் கேட்டேன். "நாளைக்குக் காலைல, டீச்சர். அப்புறம் கேக்கக் கூடாது."

வாங்க: கறிவேப்பிலை, குடை. பல் டாக்டர் (தள்ளிப்போடு).

11 அக்., வெள்ளி
தூறல். 8.20. லோட் அடித்தேன். ஏறியது. கை தானாகச் சரிபார்க்கப் போயிற்று. மடியில் வைத்துக்கொண்டேன்.

முத்து அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "நிறுத்தம்லாம் சரியான்னு ஒரு தடவ பாத்துருவமா?"

"வேணாம்ணே. ஒண்ணையும் தொடாதீங்க."

ஸ்டார்ட்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பிரிண்டர் கிறீச்சிட்டது. முத்து அண்ணன் தாளை விரலால் தடவித் தடவிப் படித்தார். தாசேக் கெலுகோர், 5.05.

"ரயில் கேட் மூடுனா நிக்க அஞ்சு நிமிஷம் விடணும், டீச்சர். உங்க மெஷினுக்குத் தெரியாது." பேனாவால் 5.00 என்று திருத்தினார். அச்சுக்கு எடுத்துப் போய்விட்டார்!

கேன்டீனில் லெச்சுமியிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். "அம்பது நிமிஷம்! ரெட்டைச் சடையே போடலாம்க்கா."